பிறேக்குக்குக் கீழே ஒரு தேசிக்காய்

பள்ளிக்கூடத் தவணை தொடங்குவதற்கு முந்திய கிழமை நான் என் மனைவியின் தராசை உடைத்தேன். வீட்டின் முன்பக்கத்தில் அவள் நடத்துகிற சின்னக் கடைக்கென்று வாங்கிய தராசு அது. சீனியையும் அரிசியையும் சாக்கோடு தூக்கி வைத்து நிறுக்கலாம். மாரி மழையில் ஒருநாள் மின்னல் அடித்ததில் அதன் இலக்கங்கள் அணைந்துபோயின. திருத்தக் கொடுக்கவேண்டும் என்று அவள் அதை மூலையில் சாத்தி வைத்திருந்தாள். நான் அதை அறைக்குள் இழுத்துக்கொண்டு போய், கவிழ்த்துப் போட்டு, அடித்தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, உது என்ரை தராசெல்லோ?"

"இனி இது தராசு இல்லை. பிறேக்" என்றேன்.

அவள் நிலத்தில் கிடந்த ஆணிகளைப் பார்த்தாள். பிறகு, "இந்த மனிசனுக்கு விசர் முத்திப்போச்சு, நான் ஆரிட்டைச் சொல்லி அழ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். சுவரைப் பார்த்துக் கதைத்தால் கோபம் பாதிதான். முழுக்கோபம் வந்தால் அவள் கதைக்கவே மாட்டாள். அதையும் அந்தக் கிழமை முடிவதற்குள் பார்த்தேன்.

நான் பள்ளிக்கூட வான் ஓடுகிறவன். தென்மராட்சி ஒழுங்கைகளில் காலையில் பிள்ளைகளை ஏற்றி, கைதடிப் பாலம் தாண்டி, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் இறக்கிவிட்டு, பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து வீட்டுப் படலையில் விடுவது என் தொழில். வருசக்கணக்காக ஓடியும் வானில் ஒரு கீறல் விழ விட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. அப்படிப்பட்டவன் கடைசியில் விழுந்தது எங்கே? சொந்தக் கிணற்றடியில். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன், பாசியில் வலது கால் வழுக்கிற்று, கணுக்கால் உடைந்து பக்கவாட்டில் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் தகடும் ஆணியும் வைத்துப் பூட்டி அனுப்பினார்கள். பிள்ளைகளைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் வானில் ஏற்றத் தொடங்கினார். என் வான் முற்றத்து மாமரத்தின் கீழே நின்று சருகு வாங்கியது.

அந்த மாதங்களில் என்னைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது ஒரு விளையாட்டுச் சாமான். சுவிசில் இருக்கிற என் மச்சான், மனைவியின் தம்பி, முந்திய வருசம் வந்தபோது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தது. மேசையில் பூட்டுகிற ஒரு ஸ்டியரிங், காலுக்கு மூன்று பிளாஸ்ரிக் மிதிகள். கணினியில் கார்ப் பந்தயப் பாதை தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அது மல்லுக்கட்டும். ரயர் வழுக்கினால் கைக்குத் தெரியும். சனிக்கிழமை பின்னேரங்களில் மச்சானும் அவனுடைய கூட்டாளிகளும் அங்கங்கே இருந்தபடி இணையத்தில் ஒன்றுகூடிப் பந்தயம் ஓடுவார்கள். காலில் கட்டோடு நானும் சேர்ந்துகொண்டேன். முதலில் வலது காலைத் தலையணையில் வைத்தபடி இடது காலால் ஓடினேன். கட்டு வெட்டிய பிறகு வானோட்டி வானோட்டிதான் என்று வலது காலுக்கே திரும்பினேன்.

ஓட ஓடக் கால் சுகமாகிக்கொண்டு வருகிறது என்று நினைத்தேன். மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன். "உதிலை இருந்து விளையாடாமல் ஆஸ்பத்திரிக்குக் கால் பயிற்சிக்குப் போங்கோ" என்று அவள் நச்சரித்தபோது, "இது பயிற்சி இல்லாமல் வேறை என்ன?" என்று வாயடைத்தேன். பயிற்சிக்குப் போவதை விட்டேன். டொக்டர், காலில் நோ இருக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையிலேயே நோ இல்லை. நொண்டாமல் நடந்தேன். சைக்கிளில் சந்திவரை போய்வந்தேன். ஒவ்வொரு தாய் தகப்பனுக்கும் தொலைபேசி எடுத்து, "இந்தத் தவணைக்கு நான் வாறன்" என்று சொன்னேன். "நீங்கள் ஓடினால்தான் அண்ணை எங்களுக்கு நிம்மதி" என்று ஒரு தாய் சொன்னாள். அந்தச் சொல்லை நான் இரண்டு நாள் மிட்டாய் மாதிரி வாய்க்குள் வைத்திருந்தேன்.

இனித் தராசுக் கதைக்கு வருகிறேன். பந்தயத்தில் நான் எப்போதும் நடுவில்தான் வருவேன். நீண்ட நேர்ப்பாதை முடிந்து கூர்மையான வளைவு வருகிற இடத்தில் எனக்கு ஒவ்வொரு சுற்றும் ஒவ்வொரு மாதிரி. ஒருமுறை முந்தி பிறேக் பிடித்து இடம் கொடுப்பேன், அடுத்தமுறை பிந்திப் பிடித்து மண்ணுக்குள் இறங்குவேன். மச்சான்தான் ஹெட்போன் வழியாகக் காதுக்குள் சொன்னான்:

"அத்தான், உங்கடை கை நல்லம். பிறேக்தான் பிழை. உந்தப் பிளாஸ்ரிக்குக்குத் தூரம் மட்டும்தான் தெரியும். கால் எவ்வளவு தூரம் கீழை போச்சு எண்டு அளக்கும், அவ்வளவுதான். எவ்வளவு தூரம் எண்டது மனிசற்றை காலுக்கு ஞாபகம் நிக்காது. எவ்வளவு பாரம் குடுத்தது எண்டது நிக்கும். பாரத்தை அளக்கிற பிறேக் போடுங்கோ."

அதற்குள் இருப்பது லோட் செல் என்கிற விரல் நீள அலுமினியக் கட்டை என்றும், வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் லேசில் வந்து சேராது என்றும், ஆனால் எந்த எலெக்ட்ரிக் தராசுக்குள்ளும் அதே கட்டைதான் இருக்கிறது என்றும் அவனே சொன்னான். என் கண் மூலைக்குப் போனது.

எங்கள் பேச்சில் சைக்கிளை உழக்குவோம், பிறேக்கை அமத்துவோம். இரண்டும் காலால் செய்கிற வேலைதான், ஆனால் ஒருவரும் மாற்றிச் சொல்வதில்லை: உழக்கும்போது கால் தூரம் போகும், அமத்தும்போது பாரம் கொடுத்து அழுத்தும். அவ்வளவு மாதமும் நான் பிறேக்கை உழக்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த மிதிக்குள் இருந்த சுருள் கம்பியைப் பெருவிரலால் தள்ளலாம். அதை நினைத்துச் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேன், மேலே யோசிக்கவில்லை.

வேலை இரண்டு மூன்று நாள் எடுத்தது. பிளாஸ்ரிக் மிதி பாரம் தாங்காது என்பதால் பழைய இரும்புக் கடையில் ஒரு பழைய வானின் பிறேக் மிதியையே தேடி எடுத்தேன். சுருள் கம்பி இருந்த இடத்தில் என் வானில் கழற்றிப் போட்டிருந்த ரப்பர் புஷ் இரண்டை வைத்தேன். அதன் பின்னால் தராசுக் கட்டை. எல்லாவற்றையும் தடித்த பலகையில் ஆணி அடித்துப் பூட்டி, பலகையைச் சுவரோடு முட்டுக்கொடுத்தேன். சின்ன மின்சுற்று ஒன்று கொழும்பிலிருந்து தபாலில் வந்திருந்தது. வயர்களைப் பற்றவைத்துக் கணினியில் செருகினால் திரையில் ஒரு கோடும் பக்கத்தில் ஒரு இலக்கமும் வந்தன. மிதியைத் தொட்டால் கோடு ஏறியது. எனக்கு வந்த சந்தோசப் புளுகத்தில் அவளைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் போலிருந்தது. தராசை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

கடைசி வேலை, கணினிக்கு என் காலை அறிமுகப்படுத்துவது. திடீரென்று வருகிற அவதிக்கு பிறேக் அடிப்பதுபோல முழுப் பலத்தோடும் அமத்தவேண்டும். அதை அது நூறு வீதம் என்று எடுத்துக்கொள்ளும். கதிரையில் வடிவாகச் சாய்ந்து இருந்துகொண்டு வலது காலால் அமத்தினேன்.

பதினாலு கிலோ.

கதிரை சறுக்குகிறதோ என்று பார்த்தேன். சறுக்கவில்லை. கதிரையின் இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்து, பல்லைக் கடித்து, திரும்ப அமத்தினேன். பதினைந்து வந்தது, உடனே பன்னிரண்டுக்கு இறங்கியது. நோகவில்லை. ஆனால் கெண்டைக்கால் நடுங்கிற்று. நில் என்று நான் சொல்லச் சொல்ல அது தன் பாட்டுக்கு நடுங்கிற்று.

தராசில்தான் பிழை என்று எனக்கு நிச்சயம். மின்னல் அடித்த தராசு வேறு எப்படி இருக்கும்? கடைக்குள் போய் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி வந்தேன். அவள் பழைய கைத்தராசில் யாருக்கோ வெங்காயம் நிறுத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். மிதிப் பலகையை நிமிர்த்தி வைத்து மிதியின் மேல் பையை வைத்தேன். ஐந்து காட்டியது. சீனிச் சாக்கைத் தூக்கி வைத்தேன். சாக்கில் அடித்திருந்த எடையையே காட்டியது. அந்தத் தராசு பொய் சொல்லவில்லை.

பலகையைத் திரும்பக் கிடத்தி இடது காலை வைத்தேன். பல்லைக் கடிக்கவில்லை. கோடு மேலே ஓடி ஐம்பதைத் தாண்டியது.

எனக்கு அந்த ஐம்பது யாரென்று தெரியும். நாவற்குழிக்கு இங்கால் ஒருநாள் காலைப் பனிக்குள் மாடொன்று குறுக்கே வந்து நின்றபோது, வான் நிறையப் பிள்ளைகளோடு நான் அமத்திய அமத்து அது. அப்போது என் வலது கால் நான் நினைப்பதற்கு முந்தியே போயிருந்தது. வான் மாட்டின் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அந்தக் காலைக் கிணற்றடியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது இப்போது தெரிந்தது. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது, எனக்கு வேர்த்தது. தவணை தொடங்குகிற திங்கட்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

பயத்துக்கு நான் என்ன செய்தேன்? கணினியில் பதினாலையே நூறு வீதமாக வைத்தேன். அது ஒன்றும் கேட்கவில்லை. உன் முழுப் பலம் இவ்வளவுதானா என்று கேட்டிருந்தால் மேசையில் இருந்து தள்ளி விழுத்தியிருப்பேன். அது மரியாதையான சாமான். நீ தருவதுதான் நூறு என்று ஏற்றுக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை நான் ஓடின மாதிரி ஒருநாளும் ஓடினதில்லை. மச்சான் சொன்னது சரி. காலுக்குப் பாரம் ஞாபகம் நின்றது. அதே கூர்மையான வளைவில் ஒவ்வொரு சுற்றும் ஒரே இடத்தில் அமத்தினேன், ஒரே அளவாக விட்டுக்கொண்டே திரும்பினேன். ஒவ்வொருவராக முன்னால் இருந்து பின்னால் போனார்கள். கடைசியில் இரண்டாவதாக வந்தேன்.

"அத்தான், இப்பதான் உங்கடை கால் வேலை செய்யுது!" என்று மச்சான் காதுக்குள் கத்தினான்.

நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். முற்றத்தில் வான் நின்றது. அதை என் காலுக்கு ஏற்றபடி மாற்ற எந்தத் திரையும் இல்லை.

ஆனால் மனம் சும்மா இருக்குமா? வக்கீல் வேலை பார்க்கத் தொடங்கிற்று. வானுக்கு, கால் கொடுக்கிற பாரத்தைக் கூட்டிவிடுகிற பூஸ்டர் இருக்கிறது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் பிறேக் இலேசாகத்தான் இருக்கும். எட்ட நின்றே பிடித்துக்கொண்டு ஓடினால் போயிற்று. மெல்ல ஓடுவேன். மாடு ஒவ்வொரு நாளுமா வருகிறது? அவதி என்றால் இடது கால் இருக்கிறதுதானே, கிளச்சை விட்டுவிட்டுக் குறுக்கே போட்டு அமத்தலாம். இதையெல்லாம் வேறு ஒரு ஓட்டுநர் என்னிடம் சொல்லியிருந்தால் அவனுடைய வானில் என் வீட்டு நாயைக்கூட ஏற்ற விட்டிருக்கமாட்டேன். எனக்கு நானே சொன்னபோது நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிறு காலை வானைக் கழுவினேன். அவள் குளித்து, தலையில் துவாயோடு வந்தாள். கையில் தட்டம். சந்தனம், குங்குமம், கர்ப்பூரம், தேங்காய், எங்கள் வேலியோர மரத்தில் பிடுங்கின தேசிக்காய் ஐந்து. இவ்வளவு மாதம் நின்ற வான் திரும்பப் புறப்படுகிறது என்றால் சும்மா புறப்படுமா? கண்ணாடியில் சந்தனம் வைத்தாள். நாலு சில்லுக்கும் முன்னால் குனிந்து ஒவ்வொரு தேசிக்காயாக வைத்தாள். நசித்துக்கொண்டு வான் ஏறிப் போகவேண்டும், கண்ணூறு கழியவேண்டும். ஒன்று மிச்சம் வந்தது. அவள் அதைக் கையில் உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். தராசுக் கோபம் ஆறியிருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

"வாங்கோ" என்றாள். "உங்கடை மற்ற வாகனத்துக்கும் வைப்பம். அதுவும் ஓடுறதுதானே. பேந்து ஓரவஞ்சனை எண்டு சொல்லுவியள்."

அறைக்குள் வந்து, புது பிறேக்கில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். தேசிக்காயை மிதிக்கும் பலகைக்கும் நடுவில் செருகினாள். எழும்பி நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ம். அமத்துங்கோ" என்றாள்.

நான் கதிரையில் இருந்தேன். வலது காலை வைத்து அமத்தினேன். தேசிக்காய் கொஞ்சம் தட்டையானது, அவ்வளவுதான். அவள் சிரித்தாள்.

"வடிவா அமத்துங்கோ. தேசிக்காய்க்கு நோகும் எண்டு பாக்கிறியளோ?"

அமத்தினேன். கதிரையைப் பிடித்தேன். கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கிற்று. சாரத்தின் கீழ் அது நடுங்குவது தெரிந்திருக்கும். தேசிக்காய் அப்படியே இருந்தது. அவளுடைய சிரிப்பு நின்றுபோனது எனக்குக் கேட்டது; நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இடது காலை மெல்ல இந்தப் பக்கம் கொண்டுவந்து வலது காலின் இடத்தில் வைத்து ஒரே அமத்தாக அமத்தினேன். தேசிக்காய் பட்டென்று வெடித்துச் சாறு பலகையில் ஓடியது. சுவரிலும் தெறித்தது.

"பாரும், வெடிச்சுது" என்றேன்.

அவள் தேசிக்காயைப் பார்க்கவில்லை. என் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள். நான் பின்னால் போனபோது அவள் வானின் முன்சில்லடியில் குனிந்திருந்தாள். வைத்த தேசிக்காயை எடுத்துச் சட்டை மடிக்குள் போட்டாள். மற்றச் சில்லுக்குப் போனாள். நாலையும் எடுத்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிற்று. பூசை வைத்ததைத் திரும்ப எடுப்பதென்றால் அபசகுனம் மட்டுமல்ல, என் முகத்தில் அடிப்பது.

"நீர் என்ன செய்யிறீர்? வைச்சதை எடுக்கிறதே?"

பதில் இல்லை.

"அது விளையாட்டுச் சாமான். இரும்புக்கும் ரப்பருக்கும் நடுவிலை வைச்சால் அப்பிடித்தான் இருக்கும். வானுக்கு பூஸ்டர் இருக்கு. விரல் வைச்சால் பிடிக்கும். உமக்கு உது விளங்காது."

அவள் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கையில் இறங்கினாள். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் மணல் ஒழுங்கை. நேரே நடந்தாள். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி, ஒழுங்கையின் நட்டநடுவில் நின்றாள். அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அப்ப வாங்கோ. நான் இதிலை நிக்கிறன். வந்து எனக்கு முன்னாலை பிறேக்கை அமத்துங்கோ."

"உமக்கு விசரோ?"

"விரல் வைச்சால் பிடிக்குமெல்லோ? வாங்கோ."

ஏறினேன். கோபத்தில்தான் ஏறினேன், அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் ஒரே முறையில் பிடித்தது. படலையைத் தாண்டி ஒழுங்கைக்குள் திருப்பினேன். முதலாம் கியர், இரண்டாம் கியர். அவள் அசையவில்லை. சட்டை மடியை ஒரு கையால் சேர்த்துப் பிடித்திருந்தாள். கண்ணாடிக்குள் அவள் பெருத்துக்கொண்டு வந்தாள். நான் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்து பிறேக்கில் வைத்தேன். வான் குலுங்காமல், மெதுவாக, மரியாதையாக நின்றது. எனக்கும் அவளுக்கும் நடுவில் இன்னொரு வான் நிறுத்தக்கூடிய இடம் இருந்தது.

கண்ணாடியை இறக்கி, "கண்டீரே?" என்றேன்.

"உது நிப்பாட்டுறது" என்றாள். "நான் பிறேக்கெல்லோ கேட்டனான். மாடு அவ்வளவு தூரத்திலை நிண்டு உங்களுக்குச் சொல்லிப்போட்டே குறுக்கை வரும்? பின்னுக்கு எடுத்து, வேகமா வாங்கோ. கிட்ட வந்து அமத்துங்கோ."

பின்னுக்கு எடுத்தேன். படலையடிவரை எடுத்தேன். முதலாம் கியரைப் போட்டேன். கிளச்சைப் பாதி விட்டேன். வான் புறப்படத் துடித்தபடி நின்றது. ஸ்டியரிங் கையில் அதிர்ந்தது. எத்தனையோ சனிக்கிழமைகளில் அந்தப் பந்தயப் பாதையில் எத்தனை பேரின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் தள்ளி அமத்தியிருக்கிறேன். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. இங்கே என் மனைவி தலையில் துவாயோடு நின்றாள். என் வலது கால் அக்சிலேற்றருக்கு மேலே காற்றில் நின்றது. அதை இறக்கினால், திரும்ப எடுத்து மற்றதில் வைத்து, பதினாலு கிலோவோடு இவளுக்கு முன்னால் நிற்கவேண்டும்.

என்னால் ஏலவில்லை.

திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது. வேலிக்குள் எங்கோ புலுனிக் குருவிகள் கத்துவது கேட்டது. அவள் நடந்து வந்து என் பக்கத்துக் கதவடியில் நின்றாள். சட்டை மடியை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அதைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான் வந்திருந்தால் நிண்டிருப்பீரோ?" என்று கேட்டேன்.

"ஏன் நிக்கிறன்? வேலியோடை விலத்தியிருப்பன்" என்றாள். "உள்ளுக்கை இருக்கிற பிள்ளையள் எங்கை விலத்துறது?"

ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே தொலைபேசியை எடுத்தேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் முதலில் பேசினேன். இன்னும் ஒரு தவணைக்கு அவர்தான் பிள்ளைகளை ஏற்றவேண்டும் என்றேன், ஓம் என்றார். பிறகு ஒவ்வொரு வீடாகச் சொன்னேன். கால் இன்னும் சரியில்லை என்று மட்டும் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால், நீங்கள் ஓடினால்தான் நிம்மதி என்று சொன்ன அந்தத் தாயிடம் மட்டும், "தங்கச்சி, என்ரை காலாலை அவதிக்கு பிறேக் பிடிக்க ஏலாது" என்று சொல்லிவிட்டேன். "சொன்னியள் அண்ணை, அது காணும், போதும்" என்றாள். நான் வீட்டுக்குள் வந்தபோது சட்டை மடியில் இருந்த நாலு தேசிக்காயும் வெட்டுப்பட்டுக் கிடந்தன. அவள் ஒரு கிளாசில் தேசிக்காய்த் தண்ணி கரைத்துத் தந்தாள். சீனி கூடிப்போயிருந்தது. குடித்தேன்.

அன்றைக்கே கணினியில் நூறு வீதத்தைப் பதினாலில் இருந்து ஐம்பது கிலோவுக்கு மாற்றினேன். அடுத்த சனிக்கிழமை முதல் வளைவிலேயே நேரே மண்ணுக்குள் போனேன். கடைசியாக வந்தேன்.

"அத்தான், என்ன நடந்தது? பிறேக் பிடிக்கேல்லையே?" என்று மச்சான் கேட்டான்.

"ஓம்" என்றேன். "பிடிக்கேல்லை."

பயிற்சிக்குத் திரும்பப் போகிறேன். ஒவ்வொரு பின்னேரமும் பந்தயம் இல்லாமல் சும்மா இருந்து அமத்துகிறேன். இலக்கம் ஏறுகிறது, சில கிழமைகளில் அசையாமல் நின்று என் பொறுமையைச் சோதிக்கிறது. கடைக்குப் புதுத் தராசு வந்துவிட்டது. என்னை அதன் பக்கம் அவள் விடுவதில்லை. ஞாயிறு காலைகளில் நான் அறைக்குள் போகும்போது பிறேக்குக்குக் கீழே ஒரு தேசிக்காய் இருக்கும். அவள் அதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

போன ஞாயிறு வலது காலால் அமத்தும்போது ஒரு சத்தம் கேட்டது. குனிந்து எடுத்துப் பார்த்தேன். தோலில் ஒரு வெடிப்பு. இரண்டு சொட்டுச் சாறு என் விரலில் பட்டது. கடைக்குள் ஓடாத குறையாகப் போய் அவளிடம் நீட்டினேன். அவள் நிறுத்துக்கொண்டிருந்த சீனியை அப்படியே வைத்துவிட்டு, தேசிக்காயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப என் கையில் தந்தாள்.

"காணாது" என்றாள்.